சின்ன வெங்காயம் இல்லாத நாளில்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். சின்ன வெங்காயம் கிடைக்கவில்லை, உரிக்க நேரமில்லை, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விருந்தாளி சாப்பிட மாட்டார். காரணம் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஆனால் எல்லோரும் கேட்பது, "அதற்குப் பதிலாக எதைப் போடுவது?" என்றுதான். அதனால் வேறு கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: 22 வருடம் ஒரு விடுதிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக இருந்தேன். தினமும் 120 பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. கீழே சொல்வதெல்லாம் அந்த அடுப்பங்கரையில் செய்து, கெடுத்து, திரும்பச் செய்து கற்றுக்கொண்டவை.

கேள்வி: குறிப்பில் 20 சின்ன வெங்காயம் என்று இருந்தது. வீட்டில் பெரிய வெங்காயம்தான் இருந்தது. இரண்டை நறுக்கிப் போட்டேன். குழம்பு நீர்த்துப் போய், சப்பென்று இருந்தது. இரண்டும் ஒரே வெங்காயம்தானே, ஏன் இப்படி?

பதில்: ஒரே இனம் என்று நீங்கள் சொல்வது சரி. முன்பு தாவரவியலில் சின்ன வெங்காயத்துக்குத் தனிப்பெயர் இருந்தது: ஏலியம் அஸ்கலோனிகம். இப்போது அதைப் பெரிய வெங்காயத்தோடு சேர்த்து ஏலியம் சீப்பா என்ற ஒரே இனத்துக்குள் கொத்தாக விளையும் வகை என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே அதற்கு மிக நெருங்கிய சொந்தம் பெரிய வெங்காயம்தான். வேறு எதையும் தேடுவதற்கு முன் அதைத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்த பொருளில் தவறே இல்லை.

வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. பெரிய வெங்காயத்தில் 100 கிராமுக்கு 89 கிராம் தண்ணீர். சின்ன வெங்காயத்தில் சுமார் 80 கிராம். ஒன்பது கிராம்தானே என்று தோன்றும். மிச்சத்தைப் பாருங்கள்: ஒன்றில் 11 கிராம் சரக்கு, மற்றதில் 20 கிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரையும் அப்படித்தான், ஒன்றில் 4 கிராம் சொச்சம், மற்றதில் கிட்டத்தட்ட 8. சின்ன வெங்காயம் போட்ட குழம்புக்கு வருகிற கெட்டியும் அடிநாக்கு இனிப்பும் இதிலிருந்துதான் வருகின்றன.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஒரு நாள் பட்டுத் தெரிந்துகொண்டேன். விடுதியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். காலையில் வர வேண்டிய 6 கிலோ சின்ன வெங்காயம் வரவில்லை. சரி என்று அதே 6 கிலோ பெரிய வெங்காயத்தை நறுக்கி, வழக்கமாக வதக்கும் நேரமே வதக்கி, அரைத்து, கொதிக்க விட்டேன். மதியம் பிள்ளைகள் தட்டைச் சாய்த்தால் குழம்பு சோற்றைத் தாண்டி ஓடுகிறது. எதிர் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எதுவும் சொல்லாமல் மோரை ஊற்றிக்கொண்டாள். அது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று சாயங்காலமே ஒரு தராசு கேட்டு வாங்கினேன்.

இப்போது உங்கள் குழம்புக்கு வருவோம். எண்ணிக்கையை மறந்துவிட்டு எடையைப் பிடியுங்கள். உரித்த 20 சின்ன வெங்காயம் என் தராசில் ஏறக்குறைய 200 கிராம் வரும். வதக்கி அரைக்கிற குழம்பாக இருந்தால் அதற்குப் பெரிய வெங்காயம் 300 கிராம் எடுங்கள். மெல்லிசாக நறுக்கி, அகன்ற வாணலியில், ஒரு சிட்டிகை உப்பு போட்டு வதக்குங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும், அகன்ற வாய் அதை ஆவியாக்கிவிடும். ஐந்தாறு நிமிடத்தில் கண்ணாடி போல் ஆகும். பலரும் அங்கேயே நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். ஓரம் சிவந்து, பாதியாகச் சுருண்டு, கரண்டியில் ஒட்டுகிற பதம் வரவேண்டும். அதற்கு இன்னும் 15 நிமிடமாவது ஆகும். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு சிறிய பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள். சின்ன வெங்காயத்தில் பூண்டின் சாயல் லேசாக உண்டு, அது பெரியதில் இல்லை. ஒரு பல்லுக்கு மேல் போனால் பூண்டுக் குழம்பாகிவிடும்.

சர்க்கரை சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நன்றாகச் சுருள வதக்கினால் தேவையே இல்லை. வதக்க நேரமில்லாதவர்கள்தான் சர்க்கரையைத் தேடுகிறார்கள், அந்த இனிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று. பெரிய வெங்காயத்தைப் பச்சையாக மிக்ஸியில் அரைத்து ஊற்றாதீர்கள். அரைத்து வைத்த பச்சை விழுது நேரம் ஆக ஆகக் கசக்கும். வதக்கி, ஆறவைத்து, பிறகு அரையுங்கள்.

கேள்வி: ஒரு பிரெஞ்சு சாஸ் குறிப்பில் 'ஷாலட் 2' என்று இருந்தது. நம் சின்ன வெங்காயம் இரண்டு போட்டேன். வெங்காய வாசனையே இல்லை. குறிப்பு தவறா?

பதில்: குறிப்பு சரிதான், உங்கள் கையில் இருந்தது வேறு அளவு. ஐரோப்பியக் குறிப்புகளில் வரும் ஷாலட் ஒன்று 25 முதல் 50 கிராம் இருக்கும். நீளமாக இருக்கும் வாழைப்பழ ஷாலட் என்ற வகை இன்னும் பெரியது. நம் சின்ன வெங்காயம் ஒன்று 10 கிராம்தான். ஆகவே 'ஷாலட் 2' என்று வந்தால் ஏழெட்டு சின்ன வெங்காயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வெங்காயமாக இருந்தால் நடுத்தர அளவில் பாதி.

பெர்னேஸ் போன்ற சாஸ்களில் வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி வினிகரில் போட்டு வற்றவிடுவார்கள். அங்கே வெங்காயம் பல்லில் படக் கூடாது, வாசனை மட்டும் வேண்டும். பெரிய வெங்காயம் போட்டால் கடுகளவு பொடியாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி, துணியில் பிழிந்துவிட்டுப் போடுங்கள். காரம் அடங்கிவிடும்.

ஒரு சின்னத் தகவல்: ஷாலட் என்ற பெயர் அஷ்கெலோன் என்ற பழைய மத்தியதரைக்கடல் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது. அஸ்கலோனிகம் என்பதும் அதே ஊர்தான்.

கேள்வி: முழுசு முழுசாகக் கிடக்கும் வெங்காயத்துக்காகவே அந்தக் குழம்பைச் செய்கிறேன். பெரியதை நறுக்கிப் போட்டால் கரைந்து போகிறது.

பதில்: நறுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. பெரிய வெங்காயத்தின் வேர்ப்பகுதியை வெட்டி எறியாதீர்கள். மண் ஒட்டிய நுனியை மட்டும் சீவிவிட்டு, வேரோடு சேர்த்து நெடுக்காக ஆறு துண்டு, எட்டு துண்டு என்று கீறுங்கள். வேர்தான் இதழ்களைப் பிடித்து வைத்திருக்கும் கை. அது இருக்கும்வரை 20 நிமிடம் கொதித்தாலும் துண்டு பிரியாது. குழம்பில் போடும் முன் வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெயில் வைத்து, கிளறாமல் சிவக்கவிடுங்கள்.

மணிமணியாகச் சிறிய வெள்ளை வெங்காயம் கிடைத்தால் இன்னும் நல்லது. முத்து வெங்காயம் என்று உறைய வைத்தும் விற்கிறார்கள். பார்வைக்கும் பல்லுக்கும் சரியாக இருக்கும். காரமும் மணமும் சற்றுக் குறைவு, ஆகவே தாளிப்பில் ஒரு பிடி பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பச்சையாகச் சாலட்டில் போடச் சின்ன வெங்காயத்துக்கு மாற்று?

பதில்: முதலில் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. அது மென்மையாகவும் இருக்கும், காரமும் அளவாக இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் சிவப்புப் பெரிய வெங்காயத்தைத் தாள் போல் சீவி, குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டு எடுங்கள். வெட்டும்போது வெளியே வந்த காரமெல்லாம் தண்ணீரில் போய்விடும். எலுமிச்சைச் சாறிலோ வினிகரிலோ ஊறவைத்தால் காரமும் தணியும், நிறமும் பளீரென்று இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறமி புளிப்பில்தான் அழகு காட்டும். அதையே புளிப்பில்லாத வெள்ளைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். சமையல் சோடா பட்டால் நீலம், பச்சை என்று பயமுறுத்தும். வெள்ளைக் குழம்புக்கு வெள்ளை வெங்காயத்தையே தேடுங்கள்.

பச்சையாகப் போடும்போது அளவைக் கூட்ட வேண்டாம். சின்ன வெங்காயம் சொன்ன எடையில் முக்கால் பங்கு போதும்.

கேள்வி: எனக்கு வயது 47. வெங்காயம் சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது. மருத்துவர் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். பெரியதை விட்டுவிட்டுச் சின்னதைச் சேர்க்கலாமா? எல்லாம் இல்லாமல் சாப்பாடு மருந்து மாதிரி இருக்கிறது, அக்கா.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன். விடுதியில் எனக்கு உதவியாக இருந்த ஒருவருக்கும் இதே தொல்லை. அவருக்காக இரண்டு வருடம் தனிச் சட்டி வைத்துச் சமைத்திருக்கிறேன்.

சின்னதும் வேண்டாம். தொல்லை கொடுப்பது ஃபிரக்டான் என்ற ஒரு வகை மாவுச்சத்து. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. அது பெருங்குடல்வரை போய், அங்கிருக்கும் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். எல்லோருக்கும் இது நடக்கிறது, சிலருக்கு மட்டும் தாங்க முடியாமல் போகிறது. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, தடித்த வெங்காயத்தாள் போல இருக்கும் லீக்ஸின் வெள்ளைத் தண்டு எல்லாவற்றிலும் அது நிறைய உண்டு. ஆகவே ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பதில் பலன் இல்லை.

ஆனால் கதவு முழுதாக மூடிவிடவில்லை. இந்தச் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வாசனையோ எண்ணெயில் நன்றாக இறங்கும். அதனால் தாளிக்கும் எண்ணெயில் வெங்காயத்தையோ பூண்டையோ பெரிய துண்டுகளாகப் போட்டு, சின்னத் தீயில் பொன்னிறமாகும்வரை விட்டு, துண்டுகளை ஒன்றுவிடாமல் வடித்து எடுத்துவிடுங்கள். அந்த எண்ணெயில் சமைத்தால் வாசனை வரும், வயிற்றுக்குத் தொல்லை வராது. கவனம், துண்டுகளை எடுத்த பிறகுதான் தண்ணீரோ தக்காளியோ சேர வேண்டும். முதலில் குழம்பில் கொதிக்கவிட்டுப் பிறகு பொறுக்கி எறிந்தால், அதற்குள் எல்லாம் தண்ணீரில் இறங்கியிருக்கும்.

இந்த எண்ணெயை அன்றன்று செய்வதே நல்லது. மிச்சம் இருந்தால் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டோ வெங்காயமோ மூழ்கிக் கிடக்கும் எண்ணெயை வெளியில் வைக்கவே வைக்காதீர்கள். காற்றுப் புகாத அந்த இடத்தில் பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரும். கெட்டது மூக்குக்கோ கண்ணுக்கோ தெரியாது.

அப்புறம், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில், வாயு உண்டாக்கும் இத்தகைய சத்துகளைக் குறைக்கும் உணவு முறையை வகுத்தவர்கள், வெங்காயத்தாளின் பச்சையையும் லீக்ஸின் பச்சை இலையையும் வயிற்றுக்கு இதமானவை என்ற பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளை அடியை முழுதாக வெட்டி ஒதுக்கிவிடுங்கள். பச்சையைப் பொடியாக அரிந்து, பாதியைத் தாளிப்பிலும் பாதியை இறக்கும்போதும் போடுங்கள். இறக்கும்போது போடுவதுதான் முக்கியம், அந்த மணம் அதிக நேரம் நிற்காது.

பெருங்காயமும் உதவும். அது வேறொரு கேள்விக்கான பதிலில் விரிவாக வருகிறது. எத்தனை நாள் நிறுத்துவது, எப்போது திரும்பச் சேர்த்துப் பார்ப்பது என்பதை மட்டும் மருத்துவரிடமே கேளுங்கள். அது நான் சொல்லக் கூடிய விஷயம் இல்லை.

கேள்வி: சின்ன வெங்காயம் உரித்தாலே கண் எரிந்து அரை மணி நேரம் போகிறது. கண்ணீர் வராத மாற்று ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: லீக்ஸில் கண்ணீர் குறைவு. ஆனால் மாற்றைத் தேடுவதற்கு முன் உரிக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் கொட்டுங்கள். நுனியைக் கிள்ளினால் தோல் சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். விடுதியில் 6 கிலோவை மூன்று பேர் இப்படித்தான் முக்கால் மணி நேரத்தில் உரிப்போம்.

கண்ணீர் வெங்காயத்துக்குள் தயாராக இருப்பதில்லை, வெட்டும்போதுதான் உண்டாகிறது. செல் உடைந்ததும் தனித்தனி அறையில் இருந்த சரக்கும் நொதியும் கலந்து அந்த ஆவி கிளம்புகிறது. அதற்கென்றே தனியாக ஒரு நொதி இருக்கிறது என்று 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவரை எல்லாம் ஒரே நொதியின் வேலை என்றுதான் நினைத்திருந்தார்கள். குளிரில் நொதி சோம்பிவிடும், அதனால் பெரிய வெங்காயமாக இருந்தால் அரை மணி நேரம் குளிரவைத்து வெட்டுங்கள். மழுங்கிய கத்தி செல்களை நசுக்கும், கூரான கத்தி அவ்வளவு நசுக்காது. கத்தியைத் தீட்டுங்கள்.

கேள்வி: லீக்ஸ் என்று ஒன்று விற்கிறார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: சூப்புக்கும் பாலோ கிரீமோ சேர்க்கும் சாஸுக்கும் எடுங்கள். நெடுக்காகப் பிளந்து, இதழ் இதழாக விரித்துக் கழுவுங்கள், இடுக்கில் மண் இருக்கும். மூடி போட்டு, சின்னத் தீயில் வதக்குங்கள். சிவக்கவிட்டால் கசந்துவிடும். வதக்கி அரைக்கும் காரக் குழம்புக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. இருக்கிற இடமே தெரியாமல் போய்விடுகிறது.

கேள்வி: வெங்காயப் பொடி வாங்கி வைத்திருக்கிறேன். எவ்வளவு போடுவது?

பதில்: 10 கிராம் பொடி என்றால் ஏறக்குறைய 90 கிராம் பெரிய வெங்காயத்திலிருந்து தண்ணீர் போனது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு ஒரு மேசைக்கரண்டிப் பொடி ஒரு சிறிய பெரிய வெங்காயத்துக்கு ஈடு. நேராகச் சூடான எண்ணெயில் போட்டால் நொடியில் கருகும். இரண்டு கரண்டி தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். மசாலாப் பொடிகளிலும், தூவும் உப்பிலும், மாவில் கலந்து பொரிப்பவற்றிலும் அது நன்றாக இருக்கும். குழம்புக்குக் கெட்டியை அது தராது, அதற்கு நம்ப வேண்டாம்.

கேள்வி: மேலே தூவும் பொரித்த வெங்காயம் பெரிய வெங்காயத்தில் மொறுமொறுப்பாக வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: மறுபடியும் அந்தத் தண்ணீர்தான். தென்கிழக்கு ஆசியச் சமையலில் இதற்குச் சின்ன வெங்காயத்தையே பிடிவாதமாக எடுப்பதற்குக் காரணம் அதில் ஈரம் குறைவு, சீக்கிரம் வற்றும் என்பதே. பெரியதில் செய்ய முடியும், ஆனால் பொறுமை வேண்டும்.

ஒரே கனத்தில் மெல்லிசாகச் சீவுங்கள். ஒரு துண்டு கனமாக, ஒரு துண்டு மெல்லிசாக இருந்தால் ஒன்று கருகும்போது மற்றது வெந்துகொண்டிருக்கும். சீவியதைத் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். 250 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவோ சோள மாவோ தூவிப் பிசிறுங்கள். உப்பு போடாதீர்கள், அது அப்போது எதிரி, பொரித்த பிறகு தூவிக்கொள்ளலாம். எண்ணெய் சூடாவதற்கு முன்பே, குளிர்ந்த எண்ணெயிலேயே வெங்காயத்தைப் போட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம். ஈரம் மெல்ல மெல்ல வெளியேறும். முதல் பத்து நிமிடம் சலசலவென்று பெரிய குமிழியாக வரும். குமிழி சிறுத்துச் சத்தம் அடங்கினால் ஈரம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

இளம் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் சூட்டில் நிறம் ஏறும். 'இன்னும் கொஞ்சம்' என்று நான் காத்திருந்து கசந்துபோன தட்டுகளுக்குக் கணக்கில்லை. தட்டில் குவிக்காமல் பரப்புங்கள், ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். மிஞ்சிய எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், பருப்புக்கும் நூடுல்ஸுக்கும் அதைவிட நல்ல எண்ணெய் கிடையாது.

கேள்வி: வெங்காயம், பூண்டு இரண்டுமே சாப்பிடாத விருந்தினர் வருகிறார்கள். எப்போதும் பெருங்காயம் போடு என்கிறார்கள். போட்டேன், கசந்தது.

பதில்: அளவு மீறியிருக்கும், இல்லையென்றால் எண்ணெய் போதிய சூடு இல்லாமல் இருந்திருக்கும். பெருங்காயம் ஃபெருலா என்ற செடியின் வேரில் வடியும் பிசின். அதன் வாசனைக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள், வெங்காயம், பூண்டின் வாசனைக்கும் அதே குடும்பம்தான் காரணம். அதனால்தான் அந்தச் சாயல். பச்சையாக முகர்ந்தால் மூக்கைத் துளைக்கும். சூடான எண்ணெயிலோ நெய்யிலோ பட்டதும் சாந்தமாகிவிடும். நாலு பேருக்கான குழம்புக்குத் தூளாக இருந்தால் கால் தேக்கரண்டி, கட்டியாக இருந்தால் ஒரு மிளகளவு. ஐந்து நொடி பொரிந்தால் போதும், உடனே மற்றதைப் போட்டுவிடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத விருந்தினர் என்றால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம்.

ஆனால் பெருங்காயம் வாசனையை மட்டும்தான் தரும். உங்கள் குழம்பு வெங்காயம் இல்லாமல் காலியாக இருப்பதற்குக் காரணம் வாசனை மட்டும் இல்லை. கெட்டி போய்விட்டது, இனிப்பு போய்விட்டது. அந்த இரண்டையும் வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும்.

நான் செய்வது முட்டைக்கோஸ். கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். 200 கிராம் முட்டைக்கோஸைத் தண்டோடு சேர்த்து வெங்காயம் போலவே பொடியாக நறுக்கி, எண்ணெயில் ஓரம் நன்றாகச் சிவக்கும்வரை 15 நிமிடம் வதக்குங்கள். அதிலும் கந்தக வாசனை உண்டு, இனிப்பும் உண்டு. வதக்கியதைத் தக்காளியோடு சேர்த்து அரைத்துவிட்டால் வெங்காயம் இல்லை என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாது. சிவக்காமல் வேகவைத்து அரைத்தால் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். கெட்டி இன்னும் வேண்டுமென்றால் ஏழெட்டு முந்திரி ஊறவைத்து அரைத்துச் சேருங்கள். வெறும் பெருங்காயத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கசப்புத்தான் மிஞ்சும்.

பாத்திரத்தையும் கவனியுங்கள். வெங்காயம் நறுக்கிய பலகையிலேயே முட்டைக்கோஸை நறுக்கினால் வாசனை ஏறிவிடும். அவர்கள் கொள்கையாகத் தவிர்க்கிறார்கள் என்றால் அது மரியாதைக் குறைவு. தனிப் பலகை, தனிக் கத்தி எடுங்கள்.

கேள்வி: கிடைக்கும்போது நிறைய வாங்கி வைத்துக்கொண்டால் மாற்றே தேவைப்படாதே? ஆனால் எனக்குச் சீக்கிரம் முளைவிட்டுவிடுகிறது.

பதில்: நல்ல யோசனை. காற்றாட, இருட்டில், உலர்ந்த இடத்தில் பரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்துப் போகும். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள், அதன் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும். தோலில் கரும்பொடி படிந்திருந்தால் அந்த இதழை உரித்து எறிந்து, கழுவிவிட்டு உபயோகிக்கலாம். அமுக்கினால் குழைகிறது என்றால் முழுதாக எறிந்துவிடுங்கள்.

உரித்ததை மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து நாலைந்து நாளில் முடித்துவிடுங்கள். வதக்கியது இன்னும் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோவைச் சுருள வதக்கி, ஒரு சமையலுக்கு வேண்டிய அளவில் பிரித்து உறைய வையுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும். அவசரத்துக்கு அதைவிடப் பெரிய மாற்று கிடையாது.

முளைவிட்டதை எறியாதீர்கள். முளை வெங்காயத்தாள்தான், தாராளமாகச் சமைக்கலாம். இல்லையென்றால் ஒரு தொட்டியில் மண் நிரப்பி, நுனி தெரியும்படி ஊன்றிவிடுங்கள். ஒரு சின்ன வெங்காயம் பிரிந்து கொத்தாகப் பெருகும்.

கேள்வி: அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. அவர் வைக்கும் வெங்காயக் குழம்பை அவர் எழுதி வைத்த அளவிலேயே செய்கிறேன். நான் இருக்கும் நாட்டில் சின்ன வெங்காயம் கிடைப்பதில்லை. பெரிய வெங்காயத்தில் நீங்கள் சொல்லும் எல்லாம் செய்துவிட்டேன். நன்றாக இருக்கிறது, ஆனால் அது இல்லை.

பதில்: முழு வெங்காயத்தைக் கடிக்கும்போது அதன் நடுவிலிருந்து சூடாக ஒரு இனிப்பு வெடித்து வருமே, அதைத்தான் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெட்டாமல் வேகிற வெங்காயத்தில் காரம் உண்டாகவே வழியில்லை. உள்ளே இருக்கும் நொதி வேலை செய்வதற்கு முன்பே சூடு அதை அழித்துவிடும். அதனால்தான் முழுசாக வெந்தது அவ்வளவு இனிக்கிறது. பெரிய வெங்காயத்தை வெட்டிய அந்தக் கணத்திலேயே அது போய்விடுகிறது. பிறகு என்ன வதக்கினாலும் வேறு இனிப்புதான் வரும்.

ஆகவே வெட்டாதீர்கள். கிடைப்பதிலேயே சிறிய பெரிய வெங்காயங்களாக, எலுமிச்சை அளவுக்குப் பொறுக்கி எடுங்கள். தோலோடு, வேரோடு, அப்படியே ஒரு தட்டில் வைத்து ஓவனில் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில், கத்தி தடையில்லாமல் இறங்கும்வரை சுடுங்கள். 40 நிமிடம் ஆகலாம். ஆறியதும் தோலைப் பிதுக்கினால் உள்ளிருப்பது நழுவி வரும். அதை முழுசாகக் குழம்பில் கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போடுங்கள். குழம்பின் அடிக்கு அம்மாவின் அளவில் ஒன்றரை மடங்கு பெரிய வெங்காயத்தை, முதல் பதிலில் சொன்னதுபோல் சுருள வதக்கி அரைத்துவிடுங்கள்.

அது அம்மாவின் குழம்பாகிவிடும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். சின்ன வெங்காயத்தின் அந்த நெருக்கமான இதழும் கடியும் இதில் வராது, அதற்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை. ஆனால் நடுவிலிருந்து வரும் அந்தச் சூடான இனிப்பு வரும். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அவர் குறிப்பில் புளி எவ்வளவு, எந்தப் பாத்திரம் என்று எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். இங்கே என் அடுப்பில் இரண்டு விதமாகவும் வைத்துப் பார்க்கிறேன்.